அப்பா திருப்பிச் சொன்னது

எங்கள் வீட்டில் ரகசியம் பேச முடியாது. அப்பாவுக்குக் காது மந்தம். இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், ஸ்பின்னிங் பிரிவில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்தவர். அந்த மிஷின்களுக்கு நடுவே வாயால் பேசிப் பிரயோஜனமில்லை, கைதான் பேசும். காதில் அடைத்துக்கொள்ளக் கொடுத்ததை யாரும் அடைத்துக்கொள்வதில்லை. அடைத்தால் பக்கத்தில் நிற்பவன் கேலி செய்வான். மில்லை விட்டு வெளியே வந்தபோது பாதிக்கு மேல் போயிருந்தது. "மில்ல விட்டு நான் வந்துட்டேன். மிஷின் என் காதுக்குள்ள இன்னும் ஓடுது" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

அவரிடம் எதையும் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தோளைத் தொட வேண்டும். அவர் திரும்பி நம் முகத்தைப் பார்த்த பிறகு, உதடு தெரியும்படி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல வேண்டும். முடித்ததும் அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்வார். "அரைக் கிலோ சீனி. கால் கிலோ துவரம்பருப்பு. தையல் மிஷினுக்கு எண்ணெய்." சரியாக இருந்தால் நாம் தலையாட்ட வேண்டும். தப்பென்றால் மறுபடி முதலிலிருந்து.

எனக்கு இது சின்ன வயதிலிருந்தே எரிச்சல். காது கேட்காதவர்கள் சத்தமாகப் பேசுவார்கள். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் நான் வாங்கிய மதிப்பெண்ணை அவரிடம் சொன்னது அவருக்காக மட்டும். அவர் திருப்பிச் சொன்னது மொத்தத் தெருவுக்கும். "கணக்குல முப்பத்தெட்டு!" மறுநாள் காலை பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரப் பெத்தம்மா, கோலப் பொடியும் கையுமாக நின்று, "முப்பத்தெட்டுன்னா பாஸ்தானேம்மா" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த வீம்பில்தான் நான் கணக்கு படித்தேன். பிறகு இயற்பியல் பட்டம் வாங்கியதும் அதே வீம்பில்தான்.

ஆனால் இந்தத் திருப்பிச் சொல்வதெல்லாம் வீட்டுக்குள் மட்டும். வாசலைத் தாண்டினால் அப்பா வேறு ஆள். டீக்கடையில், பேங்கில், கல்யாண வீட்டில் யார் என்ன சொன்னாலும் "சரி, சரி" என்று தலையாட்டிவிடுவார். பாதி கேட்டிருக்காது. ஒரு முகாமில் காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். அம்மா வீட்டிலேயே நைட்டி தைப்பவள். அந்தத் தையல் மிஷின் சத்தம் மண்டைக்குள் இறங்குகிறது என்று மூன்றாம் நாளே அப்பா அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். "கேக்கலன்னு ஆள்ட்ட சொல்லிப் பாருங்களேன்" என்று அம்மா சொன்னால், "செவிட்டுப் பயன்னு பேரு வாங்கவா?" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைக்கு அறிவிப்பு வந்தபோது எனக்கு முப்பது வயது ஆக நாலு மாதம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு இருபத்தேழு. எங்கள் ஓபிசி பிரிவுக்கு மூன்று வருஷம் சலுகை. அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் நான் அதில் இருக்கமாட்டேன். ஆகவே இதுதான் முதலும் கடைசியும்.

வீட்டில் சொன்னேன். அப்பாவின் தோளைத் தொட்டு, "ஆகாயத்துல போற ப்ளேனுக்கு, கீழ இருந்து, வழி சொல்ற வேலை" என்றேன்.

"ஆகாயத்துல போற ப்ளேனுக்கு கீழ இருந்து வழி சொல்ற வேலை" என்றார் அப்பா. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

அம்மா மிஷினை நிறுத்தாமலே, "பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டாலே இவளுக்குச் சொல்லத் தெரியாது. ப்ளேன்காரன் இவளை நம்பிக் கெளம்பி எம்புட்டு தூரம் போவான்?" என்றாள்.

பஸ்ஸில் படித்தேன். வகுப்புக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். எழுத்துத் தேர்வு மதுரையில், கம்ப்யூட்டரில். அப்பா கூட வந்தார். மில்லை விட்ட பிறகு அவர் சேத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சும் வேலையில் இருந்தார். அன்று அதற்கு லீவு சொல்லிவிட்டார். தேர்வுக் கூட வாசலில் கம்மல், வாட்ச், கிளிப் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் என்னை மட்டும் பார்த்து, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, "கம்மல் ரெண்டு. வாட்ச் ஒண்ணு. கிளிப்பு மூணு" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினேன். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அதே இடத்தில், துண்டு முனையில் எல்லாவற்றையும் முடிந்து வைத்துக்கொண்டு, வெயிலில் நின்றிருந்தார். நிழல் பத்தடி தள்ளித்தான் இருந்தது. அங்கே போனால் நான் வருவது தெரியாதாம்.

தேர்வில் பாஸ். அடுத்து சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பும் குரல் தேர்வும். குரல் தேர்வு என்றால் பாட்டுப் பாடுவதல்ல. ஆங்கிலத்தில் கொடுத்ததை வாசிக்க வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். திக்கல், குழறல், அவசரம் எதுவும் இருக்கக் கூடாது. விமானி கேட்பது அந்தக் குரல் ஒன்றைத்தானே. மாலையில் நான் ஆங்கிலப் பேப்பரைச் சத்தமாக வாசிக்கும்போது அம்மா மிஷினை நிறுத்திவிடுவாள். அப்பா எதிரில் உட்கார்ந்து என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் நாடகம் பார்ப்பதுபோல் கடைசிவரை உட்கார்ந்திருப்பார்.

சரிபார்ப்புக்கு முக்கியமான காகிதம், மத்திய அரசு வேலைக்கென்று தனியாகத் தருகிற ஓபிசி சான்றிதழ். பள்ளிக்கூடத்தில் வாங்கி வைத்த சாதிச் சான்றிதழ் அதற்குச் செல்லாது. அந்த ஓபிசி இல்லையென்றால் மூன்று வருஷச் சலுகை இல்லை. சலுகை இல்லையென்றால் நான் வயது கடந்தவள். எழுதிய தேர்வு, வாங்கிய மார்க் எல்லாம் வீண். எனக்கோ டியூஷன் பிள்ளைகளின் மாதிரித் தேர்வு நேரம், லீவு கிடையாது. அப்பாவை அனுப்பினேன். மாதிரிப் படிவத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு, தோளைத் தொட்டு, மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

இ-சேவை கவுண்டரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்ல பெண்தான். பிறகு நானே போய் அவளிடம் பேசித் தெரிந்துகொண்டேன். "இதுக்கு வருமானச் சான்றும் வேணும் ஐயா. அது இல்லாம சாதாரணச் சாதிச் சான்றுதான் போட முடியும். அதைப் போடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். மேலே ஃபேன், பின்னால் கூட்டம், நடுவில் கண்ணாடி. அப்பா தலையாட்டி, "சரி, சரி" என்றிருக்கிறார்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழையும்போதே கவரை நீட்டினார். புதுச் சட்டை போட்டிருந்தார், சான்றிதழ் வாங்கப் போவதற்கென்று. பிரித்துப் பார்த்தேன். ஏற்கெனவே என்னிடம் இருந்த அதே சாதிச் சான்றிதழின் இன்னொரு பிரதி. சென்னை போக ஒன்பது நாள்தான் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. "கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்ல வேண்டியதுதானே! எதுக்குத் தலையை ஆட்டுறீங்க? உங்க ஒருத்தர் வெக்கத்துக்கு என் வாழ்க்கையே போகுது!"

தோளைத் தொடவில்லை. உதடு தெரியச் சொல்லவில்லை. தேவையே இருக்கவில்லை. அத்தனை சத்தமாகக் கத்தினேன், அவருக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அவர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார்.

"நரம்பில்லாத நாக்குன்னா எப்படி வேணாலும் பேசுமாட்டி?" என்றாள் அம்மா. மறுபடி மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

மறுநாளிலிருந்து டியூஷனுக்கு மட்டம் போட்டேன். லீவு கொடுக்காதவர்கள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா ஆபீஸ் என்று அலைந்தேன். அப்பாதான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு ஆபீஸ் வாசலிலும் வண்டியோடு வெளியே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. நான் வந்து, "நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்றாங்க" என்று சொன்னால் தலையாட்டினார். அவ்வளவுதான். வாய் திறக்கவில்லை. வீட்டுக்குள்ளும் அப்படியே. அம்மா கடைக்குச் சாமான் சொன்னாலும் தலையாட்டல்தான். இரண்டு நாள் கழித்து அவள் சீட்டில் எழுதிக் கொடுக்கத் தொடங்கினாள். வெளியாட்களிடம் செய்ததை அப்பா எங்களிடமும் செய்ய ஆரம்பித்துவிட்டார். என் பேச்சுக்கு முன்னால் எங்கள் வீடு அவருக்கு வெளியிடமாக இருந்ததில்லை.

சான்றிதழ் ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் கையில் வந்தது. அப்பாவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், தலையாட்டினார், திருப்பிக் கொடுத்தார்.

சென்னைக்கும் கூட வந்தார். அந்த ஆபீஸ் வாசலில் போனையும் பையையும் அவரிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, என்னையறியாமல் ஒரு நொடி நின்றேன். "போன் ஒண்ணு. பை ஒண்ணு" என்று அவர் சொல்வதற்காக. சொல்லவில்லை. நான் உள்ளே போனேன்.

சான்றிதழ் சரிபார்ப்பில் ஒரு சிக்கலும் இல்லை. குரல் தேர்வுக்குக் காத்திருந்த ஹாலில் பக்கத்தில் தூத்துக்குடிப் பெண் ஒருத்தி. அவளுடைய அக்கா இதே வேலையில் இருக்கிறாளாம். நேரம் போக வேண்டுமே என்று வேலையைப் பற்றிக் கேட்டேன்.

"வழி சொல்லுறது பெரிய விஷயம் இல்ல. நாம சொன்னதை பைலட் திருப்பிச் சொல்லணும். எம்புட்டு உயரம், எந்த ரன்வே, எல்லாத்தையும். அதை நாம காதைக் கொடுத்துக் கேக்கணும். சரியா இருந்தாத்தான் அடுத்த பேச்சு."

"திருப்பிச் சொல்லலேன்னா?"

"விடவே கூடாது. மறுபடி சொல்லிக் கேக்கணும். 'சரி சரி'ன்னு சொல்லிட்டுப் போறவனைக் கண்டுதான் எங்க அக்காவுக்குப் பயம். கேக்கலைன்னு சொல்லுறவனால ஒரு ஆபத்தும் இல்லையாம்."

நான் என் ஃபைலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் கலங்கியது. அரைக் கிலோ சீனி, கால் கிலோ துவரம்பருப்பு. ஆகாயத்தில் நூறு இருநூறு உயிரைச் சுமந்து போகிறவர்களுக்கு என்ன சட்டமோ அதைத்தான் அப்பா எங்கள் வீட்டில் பலசரக்குக்கு வைத்திருந்திருக்கிறார். அதைப் பார்த்து வெட்கப்பட்டவள் நான். ஆகாதது தலையாட்டல்தான். அதைச் செய்யாதீர்கள் என்று கத்தி, அது ஒன்றை மட்டும் அவரிடம் மிச்சம் வைத்துவிட்டேன்.

என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்தவர் என் காகிதங்களைப் புரட்டியபடி, தலை நிமிராமல், ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். எனக்கு ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பளிச்சென்று சிரித்து, "எஸ் சார்" என்று தலையாட்டினேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மற்ற இருவரும் பார்த்தார்கள். அப்பாவுக்குக் காதுதான் மந்தம், எனக்கு அந்தக் குறையும் இல்லை. தலையாட்டல் மட்டும் சொத்தாக வந்திருக்கிறது. நல்ல காதை வைத்துக்கொண்டே எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லையே, அவருக்கு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் எப்படி இருந்திருக்கும்? பிறகு சொன்னேன், நிதானமாக, உதடு தெரியும்படி.

"சார், நீங்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. தயவுசெய்து மறுபடி சொல்லுங்கள்."

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவிடம் பேசுகிற அதே வேகம், அதே இடைவெளி. அவர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம். "வாசிப்பதற்கு முன்னால் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன்" என்றார்.

"தண்ணீர் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டும் சார்" என்றேன். குடித்தேன். பிறகு கொடுத்த பக்கத்தை வாசித்தேன். யாருக்கு வாசிக்கிறோம் என்று யோசிக்கவே இல்லை. எதிரில் அப்பா உட்கார்ந்து என் உதட்டைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் அப்பாவிடம் மெல்லப் பேச வழியில்லை. மற்ற வீடுகளில் பிள்ளைகள் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுப்பார்கள். எங்களுக்குப் பாசமென்றாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். சென்னை ரோட்டில், ஹாரன் சத்தத்துக்கு நடுவில் நின்று அதைக் கத்த எனக்குத் தைரியம் வரவில்லை. "நல்லா செஞ்சேன்ப்பா" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினார்.

பிறகு உடல் பரிசோதனைக்கு ஒரு தடவை போனேன். காது சோதனைக்கு ஒரு சின்ன அறை. கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் எதுவும் கிடையாது. காதில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். முதலில் தெளிவாகக் கேட்டது. பிறகு மெலிந்து, மெலிந்து, எங்கோ ஒரு கொசு இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு வந்தது. அதற்கும் அழுத்தினேன். என் காது சுத்தமாக இருந்தது. இந்தச் சத்தங்களையெல்லாம் அந்த மில்லில் கொடுத்துவிட்டுத்தான் என்னைப் படிக்கவைத்தார் என்று நினைத்தேன். ஒரு சத்தத்தைத் தவறவிட்டிருப்பேன். டாக்டர் அதைக் குறையாக எழுதவில்லை.

முடிவு வந்திருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெப்சைட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பட்டியலில் என் பதிவெண் இருந்தது. நான்கு தடவை பார்த்தேன். அம்மா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து என் கன்னத்தைப் பிடித்தாள். "போயி அவியட்ட சொல்லு மொதல்ல" என்றாள்.

அப்பா வாசலில் உட்கார்ந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டேன். திரும்பினார்.

"எனக்கு வேலை கெடைச்சிருச்சுப்பா. ஹைதராபாத்துல ட்ரெய்னிங்."

தலையாட்டினார். கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் தலையாட்டல்தான். மறுபடி வண்டிப் பக்கம் திரும்பப் போனார். நான் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் என்ன சொன்னேன்ப்பா? சொல்லுங்க."

துணியும் கையுமாக என்னைப் பார்த்தார்.

"கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்லுங்க. நூறு தடவை சொல்றேன். நீங்க திருப்பிச் சொல்லாம நான் இங்கேருந்து போகமாட்டேன். என் வேலையே இனிமே அதுதான்ப்பா. நீங்க வீட்டுல செய்வீங்களே, அதேதான். ப்ளேன் ஓட்டுறவனும் அப்படித்தான் திருப்பிச் சொல்லணுமாம்."

துணியைக் கீழே வைத்தார். "செத்த இரு" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பச் சொல்லு."

சொன்னேன். இந்தத் தடவை இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னேன். தெருவுக்கே கேட்கும்படி, ஒவ்வொரு வார்த்தையாக. "எனக்கு வேலை கெடைச்சிருச்சு. ஹைதராபாத்துல ட்ரெய்னிங். அன்னைக்கு உங்களைப் பேசினது என் தப்பு. மன்னிச்சிருங்கப்பா."

பெத்தம்மா பக்கத்து வாசலில் வாளியோடு நின்றுவிட்டார். அம்மா நிலைப்படியில் நின்றாள்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "எம் மகளுக்கு வேலை கெடைச்சிருச்சு!" கணக்கில் முப்பத்தெட்டு என்று சொன்ன அதே குரல். "ஹைதராபாத்துல ட்ரெய்னிங்!"

நிறுத்திக்கொண்டார். நான் காத்திருந்தேன். அவர் வண்டித் துணியை எடுத்து உதறினார்.

"அப்பா, இன்னொண்ணும் சொன்னேன்."

"அது கேக்கல தாயி" என்றார்.

மறுபடி சொன்னேன். என் உதட்டைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். "ம்ஹூம். கேக்கல" என்றார்.

வாழ்நாளெல்லாம் கேட்காததற்குச் சரி சரி என்று சொன்ன மனுஷன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மூன்றாவது தடவை நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்தாள். "விடுட்டி. அவியளுக்கு அது கேக்காது. நீ வந்து சாப்பிடு" என்றாள்.